லேபிளில் இல்லாத பெயர்: கார்ட்டர் குடும்பமும் லெஸ்லி ரிடிலும்

2024-ல் பியான்சே 'கவ்பாய் கார்ட்டர்' தொகுப்பை வெளியிட்டபோது, "கன்ட்ரி இசைக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?" என்று முகம் சுளித்தவர்கள் பலர். தொப்பி, குதிரை, கித்தார், வெள்ளை முகம் என்றே அந்த இசையைப் பற்றிய சித்திரம் உலகம் முழுக்கப் பதிந்திருக்கிறது. தலைப்பில் உள்ள கார்ட்டர் பியான்சேயின் குடும்பப் பெயர்தான். ஆனால் கன்ட்ரி இசையின் வரலாறு தெரிந்தவர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் வேறொரு கார்ட்டர் குடும்பம் நினைவுக்கு வரும். அந்த இசையின் 'முதல் குடும்பம்' என்றே அவர்களை அழைக்கிறார்கள். நாம் பேசப்போவது அவர்களைப் பற்றியும், அவர்களோடு ஊர் ஊராக நடந்த, ஒற்றைக் கால் மட்டுமே இருந்த ஒரு கறுப்பினக் கலைஞரைப் பற்றியும்தான்.

முதலில் ஒரு கருவியின் கதை. கன்ட்ரி இசையின் அடையாளமாக இன்று விற்கப்படும் பாஞ்சோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. சுரைக்குடுக்கையில் தோல் கட்டி நரம்பு பூட்டிய இசைக்கருவிகள் மேற்கு ஆப்பிரிக்காவில் இன்றும் இருக்கின்றன. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட மக்கள் அந்த நினைவை கரீபியன் தீவுகளிலும் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் கைவேலையாகத் திரும்பச் செய்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பின மக்களைக் கேலி செய்யும் மேடைக் கூத்துகளில் அதை வாசித்தார்கள். பிறகு அது மலைநாட்டு வெள்ளையர்களின் 'பாரம்பரியக் கருவி' ஆனது. கருவியை எடுத்துக்கொண்டு, அதைக் கொடுத்தவரை மேடையிலிருந்து இறக்கிவிடுவது எப்படி என்பது நம்மில் பலருக்கு விளக்கத் தேவையில்லாத விஷயம்.

இந்தப் பிரிவினையை வியாபாரமாக ஒழுங்கு செய்தவர்களில் முக்கியமானவர் ரால்ஃப் பியர். 1920-ல் ஓகே கம்பெனி மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகியின் இசைத்தட்டை வெளியிட்டு, அது விற்ற வேகத்தைப் பார்த்து மிரண்டுபோனது. பியர் அப்போது அங்கே வேலை பார்த்தார். 1923-ல் அவரே அட்லாண்டாவுக்குப் போய் ஃபிட்லின் ஜான் கார்சன் என்ற வெள்ளைக்கார ஃபிடில் கலைஞரைப் பதிவு செய்தார். அதுவும் விற்றது. ஏழைகளும் காசு கொடுத்துத் தட்டு வாங்குவார்கள் என்று கம்பெனிகளுக்குத் தெரிந்துவிட்டது. உடனே இரண்டு பட்டியல்கள் உருவாயின. கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகள் 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்'. கிராமத்து வெள்ளையர்களின் தட்டுகள் 'ஹில்பில்லி ரெக்கார்ட்ஸ்'. ஒரே ஊரில், ஒரே தெருமுனையில், ஒரே பாட்டை வாசித்தவர்கள் தோல் நிறத்தை வைத்து இரண்டு வேறு புத்தகங்களில் ஏறினார்கள். இசைக்குள் இருந்த கோடு அல்ல அது. விற்பனைப் பிரிவு போட்ட கோடு.

1927 ஜூலை, ஆகஸ்டில் விக்டர் கம்பெனிக்காகப் பதிவுக் கருவிகளுடன் பிரிஸ்டல் நகருக்கு வந்தார் பியர். வர்ஜீனியாவுக்கும் டென்னஸிக்கும் எல்லையாக நடுத்தெருவே ஓடும் ஊர் அது. காலியாகக் கிடந்த ஒரு தொப்பிக் கடைக் கட்டடத்தில் 19 குழுக்கள் 76 பாட்டுகளைப் பதிவு செய்தன. கன்ட்ரி இசையின் பிறப்பிடம் என்று இன்று பலகை வைத்துக் கொண்டாடும் நிகழ்வு இதுதான். அந்த அறையில் எல் வாட்சன் என்ற கறுப்பின மவுத்தார்கன் கலைஞரும் இருந்தார். ஜான்சன் சகோதரர்கள் என்ற வெள்ளையர் குழுவில் ஒருவர் அவருக்குக் கித்தார் வாசித்தார், இவர் அவர்கள் பாட்டுக்குத் தாளம் போட்டார். பிறந்தபோதே கலந்து பிறந்த குழந்தை. அதற்குப் பிறகுதான் சாதிச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 1 அன்று மாலை அங்கே வந்தவர்கள்தான் கார்ட்டர் குடும்பம். கிளிஞ்ச் மலையடிவாரத்தில் 'ஏழைப் பள்ளத்தாக்கு' என்று பெயர் கொண்ட இடத்தில், மேசஸ் ஸ்பிரிங் என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர்கள். ஏ.பி. கார்ட்டர் பழமரக் கன்றுகள் விற்று ஊர் சுற்றியவர். கைகளிலும் குரலிலும் சிறுவயது முதல் ஒரு நடுக்கம் உண்டு. மனைவி சாரா ஆட்டோஹார்ப் வாசித்துக்கொண்டு முதன்மைக் குரலில் பாடுவார். சாராவின் ஒன்றுவிட்ட தங்கை மேபெல் கித்தார். அவர் ஏ.பி.யின் தம்பியை மணந்தவர். அப்போது அவருக்கு வயது 18, நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணி. சாராவிடம் பால்குடிக்கும் குழந்தை. கடன் வாங்கிய காரில் மலைப்பாதையில் வந்து சேர்ந்தார்கள்.

இரண்டு நாளில் ஆறு பாட்டுகள். பாட்டுக்கு 50 டாலர் வீதம் 300 டாலர். ஏ.பி. அவ்வப்போது நினைத்தால் சேர்ந்து பாடுவார், இல்லையென்றால் ஜன்னலோரம் போய் நின்றுவிடுவார். இரண்டாம் நாள் பதிவுக்கு அவர் வரவே இல்லை. அன்று பெண்கள் இருவரும் பதிவு செய்த 'சிங்கிள் கேர்ள், மேரிட் கேர்ள்' கல்யாணமாகாதவளின் சுதந்திரத்தையும் கல்யாணமானவளின் தொட்டிலாட்டும் வாழ்க்கையையும் எதிரெதிரே வைக்கும் பாட்டு. சாராவுக்கு அதைப் பாட விருப்பமில்லை. ஆனால் அது நன்றாக விற்றது. குழுவின் தலைவர் என்று ஆணின் பெயர் போனாலும், அந்தத் தட்டுகளில் நாம் கேட்பது பெரும்பாலும் இரண்டு பெண்களின் உழைப்பைத்தான். மேபெல் கட்டைவிரலால் தடித்த கம்பிகளில் மெட்டை வாசித்துக்கொண்டே மற்ற விரல்களால் மெல்லிய கம்பிகளை வருடித் தாளம் கொடுப்பார். அதுவரை கித்தார் பின்னணிக் கருவி. அதை முன்னால் கொண்டுவந்தது இந்தப் பெண்ணின் கட்டைவிரல்.

அடுத்த ஆண்டு மே மாதம் நியூ ஜெர்சியில் கேம்டன் நகருக்கு அழைத்தார் பியர். அங்கே பதிவானவைதான் அவர்களை நிலைநிறுத்தின. 'கீப் ஆன் தி சன்னி சைட்', 'வில் யூ மிஸ் மீ வென் ஐம் கான்', 'லிட்டில் டார்லிங், பால் ஆஃப் மைன்', எல்லாவற்றுக்கும் மேலாக 'வைல்ட்வுட் ஃபிளவர்'. இன்றும் கித்தார் கற்றுக்கொள்ளும் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு முதல் பாடங்களில் ஒன்று அது. 'ஜான் ஹார்டி'யும் அதே பதிவில்தான் வந்தது. ஜான் ஹார்டி கற்பனைப் பாத்திரம் அல்ல. மேற்கு வர்ஜீனியாவின் ரயில்பாதை, நிலக்கரிப் பகுதியில் கூலி வேலை செய்த கறுப்பினத் தொழிலாளி. சூதாட்டத் தகராறில் ஒரு கொலை செய்தார் என்று 1894 ஜனவரியில் வெல்ச் என்ற ஊரில் தூக்கிலிடப்பட்டார். அவரைப் பற்றிய பாட்டு சுரங்க முகாம்களில் வாய்வழியாகப் பரவி, வெள்ளையர் குடும்பத்தின் குரலில் 'ஹில்பில்லி' பட்டியலில் வெற்றிப்பாட்டாக ஏறியது. கேட்டவர்களில் எத்தனை பேருக்கு அவர் நிறம் தெரியும்?

இங்கே காப்புரிமை பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இது புரியாவிட்டால் லெஸ்லி ரிடிலின் கதையும் புரியாது. பியர் விக்டர் கம்பெனியிடம் பெரிய சம்பளம் எதிர்பார்க்கவில்லை. பதிவாகும் பாட்டுகளின் பதிப்புரிமை தன்னிடம் இருக்கட்டும் என்றார். பழைய, யாருக்கும் சொந்தமில்லாத பாட்டை அப்படியே பாடினால் அதில் உரிமைத்தொகை வராது. 'புதியது' என்று பதிவு செய்ய முடிந்தால் ஒவ்வொரு தட்டுக்கும் காசு வரும். அதனால் பியர் கலைஞர்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: இதுவரை யாரும் பதிவு செய்யாத பாட்டுகளைக் கொண்டு வாருங்கள், அல்லது பழையதைக் கொஞ்சம் மாற்றிக் கொண்டு வாருங்கள். 'கீப் ஆன் தி சன்னி சைட்' 1899-ல் ஏடா பிளென்கார்ன் எழுதிய பக்திப் பாடல். 'வைல்ட்வுட் ஃபிளவர்' 1860-ல் அச்சான ஒரு வீட்டுக்கூடப் பாடலின் சிதைந்த வடிவம். வாய்வழியாக வந்ததில் சொற்கள் உருமாறி, சில வரிகளுக்குப் பொருளே இல்லாமல் போய்விட்டது. இப்படிப் பலரிடமிருந்து வந்த பாட்டுகளின் மீது 'ஏ.பி. கார்ட்டர்' என்ற பெயர் அச்சானது. மக்கள் பொதுவில் வைத்திருந்த சொத்து ஒருவர் பெயரில் பட்டா ஆனது, அந்தப் பட்டாவின் பெரிய பங்கு பியரின் பெட்டிக்குப் போனது.

ஆக, ஏ.பி.க்கு பாட்டுகள் வேண்டும். வருடத்துக்கு இருபது, முப்பது வேண்டும். எங்கே போவார்? மலையேறினார், சுரங்க முகாம்களுக்குப் போனார், கதவைத் தட்டினார். இந்த அலைச்சலில்தான் டென்னஸியின் கிங்ஸ்போர்ட் நகரில் லெஸ்லி ரிடிலைச் சந்தித்தார்.

ரிடில் 1905-ல் வட கரோலினாவின் பர்ன்ஸ்வில்லில் பிறந்தவர். கிங்ஸ்போர்ட்டில் வளர்ந்தார். இளவயதில் சிமென்ட் ஆலை விபத்தில் வலது கால் போனது. குணமாகும் நாள்களில் கித்தாரை எடுத்தார். பிறகு துப்பாக்கி வெடித்து வலது கையில் இரண்டு விரல்கள் போயின. மிஞ்சிய விரல்களுக்கு ஏற்றபடி தனக்கென ஒரு வாசிப்பு முறையை உருவாக்கிக்கொண்டார். அந்த ஊரின் கறுப்பினக் குடியிருப்பில் அப்போது ஒரு கலைஞர் வட்டமே இருந்தது. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பிரவுனி மெக்கீயும் அந்த வட்டத்தில் வாசித்தவர்தான்.

ஏ.பி.யும் ரிடிலும் சேர்ந்து பாட்டுத் தேடிப் புறப்பட்டார்கள். 1920-களின் இறுதியில் தொடங்கிய பயணங்கள் சில ஆண்டுகள் நீடித்தன. ஏ.பி.யால் சொற்களை எழுதிக்கொள்ள முடியும், ஆனால் மெட்டு நிற்காது. ரிடிலுக்கு ஒருமுறை கேட்டால் போதும், மெட்டு அப்படியே மனதில் தங்கிவிடும். திரும்பி வந்து சாராவுக்கும் மேபெல்லுக்கும் வாசித்துக் காட்டுவார். இன்று நாம் செல்போனில் செய்யும் வேலையை ஒரு மனிதரின் நினைவாற்றல் செய்தது. இன்னொன்றும் உண்டு. முன்பின் தெரியாத வெள்ளைக்காரர் ஒருவர் கறுப்பினக் குடும்பத்தின் வாசலில் வந்து நின்று பாட்டுக் கேட்டால் யார் பாடுவார்கள்? அந்தக் காலத்தில் வெள்ளையர் வந்து கதவைத் தட்டுவது நல்லதுக்கு அல்ல. கூடவே ரிடில் இருந்ததால்தான் அந்தக் கதவுகளும் தேவாலயங்களும் திறந்தன.

இது நடந்த காலத்தை மறக்கக் கூடாது. 1924-ல் வர்ஜீனியா 'இனத் தூய்மைச் சட்டம்' போட்டு கலப்புத் திருமணத்தைக் குற்றமாக்கி, ஒரு சொட்டு ரத்தம்கூட யார் யாருடையது என்று கணக்குப் பார்த்தது. 1926-ல் பொது அரங்குகளில் இரண்டு நிறத்தாரும் தனித்தனியே உட்கார வேண்டும் என்று இன்னொரு சட்டம். அந்த மாநிலத்தில் ரிடில் கார்ட்டர் வீட்டில் பல நாள்கள் தங்கினார், சாப்பிட்டார், மேபெல் பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரல்களைப் பார்த்துக் கற்றார். அந்த வீட்டாரின் நெஞ்சுரத்தை நாம் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்குள் இடம் கொடுத்தவர்கள் மேடையில் இடம் கொடுக்கவில்லை, கொடுத்திருக்கவும் முடியாது. ஒலிவாங்கிக்கு முன்னால் மூன்று பேர்தான் நின்றார்கள்.

ரிடில் வழியாக வந்த பாட்டுகளில் 'தி கேனன் பால்', 'லெட் தி சர்ச் ரோல் ஆன்', 'வென் தி வோர்ல்ட்ஸ் ஆன் ஃபயர்' ஆகியவை முக்கியமானவை. கடைசியாகச் சொன்னது உலகம் தீப்பிடிக்கும் நாளைப் பற்றிய தேவாலயப் பாட்டு, 1930-ல் பதிவானது. அதன் மெட்டும் 'லிட்டில் டார்லிங்' மெட்டும் ஒரே குடும்பம். இந்த மெட்டைத்தான் 1940-ல் வுடி கத்ரி எடுத்து, 'இந்த நிலம் உன் நிலம்' என்று பொருள்படும் தன் புகழ்பெற்ற பாட்டை எழுதினார். தொழிற்சங்கக் கூட்டங்களிலும் போராட்டங்களிலும் உலகம் முழுக்கப் பாடப்படும் மெட்டு, கறுப்பின பாப்டிஸ்ட் சபைகளில் பாடப்பட்ட ஒன்று.

இதே காலத்தில் பதிவான இன்னொரு வெற்றிப்பாட்டு 'வொரீட் மேன் ப்ளூஸ்'. ஆற்றங்கரையில் தூங்கியவன் விழித்துப் பார்த்தால் காலில் சங்கிலி. என்ன குற்றம் என்று பாட்டு சொல்வதில்லை. மேலோட்டமாகக் கேட்டால் விசித்திரமான கதை. உள்நாட்டுப் போருக்குப் பின் தென்மாநிலங்கள் கொண்டுவந்த 'ஊர்சுற்றித் தடுப்பு'ச் சட்டங்களை அறிந்தவர்களுக்கு அதில் விசித்திரம் எதுவும் இல்லை. வேலைச்சீட்டு இல்லாமல் சாலையில் நின்ற கறுப்பின ஆணைப் பிடித்து, அபராதம் கட்ட முடியாதவனைச் சுரங்கத்துக்கும் ரயில்பாதைக்கும் வாடகைக்கு விட்டார்கள். கைதிகளைக் குத்தகைக்கு விடும் இந்த முறையை அலபாமா கடைசியாக ஒழித்ததே 1928-ல்தான். அடிமைமுறை ஒழிந்த பிறகும் சங்கிலி எப்படி நீடித்தது என்பதற்கு அந்த மூன்று நிமிடத் தட்டு ஒரு சாட்சி. பாடியவர்கள் அதை அப்படி நினைத்துப் பாடினார்களா என்பது வேறு விஷயம்.

இளம் தோழர்களிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மேபெல்லின் கட்டைவிரல் வாசிப்பையே ரிடில்தான் கற்றுக்கொடுத்தார் என்று சில இடங்களில் எழுதுகிறார்கள். அது சரியல்ல. அந்த வாசிப்பு 1927, 1928 தட்டுகளிலேயே தெளிவாகக் கேட்கிறது. ரிடிலை அவர்கள் சந்தித்தது அதற்குப் பிறகு. ரிடிலிடமிருந்து மேபெல் பெற்றது ப்ளூஸ் பாணி விரல்வாசிப்பும் வேறு சில நுணுக்கங்களும். நம் பக்கத்து வரலாற்றை எழுதும்போது கூட்டிச் சொல்லும் ஆசை வரும். ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தால் நம் வாதம் சுருங்குவதில்லை. எதிராளி பிடித்துக்கொள்ள ஒரு நூல்கூடக் கிடைக்காமல் போகிறது, அவ்வளவுதான். பாட்டுகளைத் தேடிக் கொண்டுவந்தவர், மெட்டுகளைச் சுமந்தவர், வாசிப்பைப் பகிர்ந்தவர் என்பது போதாதா?

பொருளாதாரப் பெருமந்தம் வந்ததும் தட்டு விற்பனை சரிந்தது. ஏ.பி. வேலை தேடி டெட்ராய்ட் வரை போனார். மாதக்கணக்கில் பாட்டுத் தேடிப் போய்விடும் கணவனோடு வாழ்ந்து சலித்த சாரா 1930-களின் தொடக்கத்தில் பிரிந்து போனார், சில ஆண்டுகளில் மணவிலக்கும் ஆனது. அதன்பிறகும் மூவரும் சேர்ந்தே பதிவு செய்தார்கள் என்பது ஆச்சரியம்தான். பிரிந்த கணவனும் மனைவியும் ஒரே ஒலிவாங்கியில் பாடிய காலத்தில்தான் 1935-ன் 'கேன் தி சர்க்கிள் பி அன்புரோக்கன்' வந்தது. தாயின் சவ ஊர்வலத்தைப் பார்த்து நிற்கும் பிள்ளையின் பாட்டு. இன்று கன்ட்ரி இசையின் தேசிய கீதம் மாதிரி ஆகிவிட்டது. 1936-ல் வந்த 'நோ டிப்ரெஷன் இன் ஹெவன்' பஞ்சகாலத்து ஏழைகளுக்குச் சொர்க்கத்தைக் காட்டியது. அரசியலாகப் பார்த்தால் நமக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் அந்த மெட்டின் துயரம் பொய்யல்ல.

1938-ல் மெக்ஸிகோ எல்லையில் எக்ஸ்.இ.ஆர்.ஏ. என்ற வானொலி நிலையம் அவர்களை வேலைக்கு எடுத்தது. அதை நடத்திய பிரிங்க்லி ஆண்மைக் குறைவுக்கு ஆட்டு விதைப்பையை வைத்துத் தைத்துக் காசு பார்த்த போலி மருத்துவர். அமெரிக்காவில் உரிமம் பறிபோனதும் எல்லை தாண்டிப் போய் ராட்சத ஒலிபரப்பி நிறுவினார். அந்தப் பிராட்டுக்காரனின் தயவில் கார்ட்டர் குரல்கள் நாடு முழுக்கக் கேட்டன. ஆர்கன்சாவின் பருத்திக்காட்டில் கேட்டுக்கொண்டிருந்த சிறுவர்களில் ஒருவர் ஜானி கேஷ். பின்னாளில் மேபெல்லின் மகள் ஜூனை மணந்தவர். சாரா 1939-ல் மறுமணம் செய்துகொண்டார். 1941-ல் கடைசித் தட்டு, 1943-ல் குழு கலைந்தது. ஏ.பி. ஊருக்குத் திரும்பி மளிகைக் கடை வைத்து, பெரிதாக யாரும் கவனிக்காமலே 1960-ல் இறந்தார். மேபெல் மகள்களோடு மேடையேறிக்கொண்டே இருந்தார். 1970-ல் கார்ட்டர் குடும்பம் கன்ட்ரி இசையின் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டது. அப்படிச் சேர்க்கப்பட்ட முதல் குழு அவர்கள்தான்.

இதோடு டிஃபோர்ட் பெய்லியையும் வைத்துப் பாருங்கள். 'கிராண்ட் ஓல் ஆப்ரி' வானொலி நிகழ்ச்சியின் தொடக்க கால நட்சத்திரம், கறுப்பின மவுத்தார்கன் மேதை. 1941-ல் அவரை நீக்கினார்கள். பிறகு நாஷ்வில் நகரில் காலணி துடைக்கும் கடை நடத்திப் பிழைத்தார். 1982-ல் இறந்தார். புகழ் மண்டபத்தின் கதவு அவருக்குத் திறந்தது 2005-ல்.

ரிடில் 1942-ல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்தார். தெற்கின் கொடுமையிலிருந்து வடக்கு நோக்கிப் போன லட்சக்கணக்கான கறுப்பின மக்களில் ஒருவராக. சில ஆண்டுகளில் கித்தாரையும் விற்றுவிட்டார். அவர் சுமந்து வந்த மெட்டுகள் பல்கலைக்கழக மாணவர்களின் கையில் 'ஃபோக் மறுமலர்ச்சி' என்ற பெயரில் சுற்றிக்கொண்டிருந்தபோது அவர் வீட்டில் ஒரு கருவி இல்லை. 1960-களில் மேபெல் பேச்சுவாக்கில் அவர் பெயரைச் சொல்ல, ஆய்வாளரும் கலைஞருமான மைக் சீகர் தேடிப்போய் 1965-ல் அவரைக் கண்டுபிடித்தார். அவ்வப்போது பதிவு செய்தார், சில விழா மேடைகளுக்கும் அழைத்துப்போனார். அந்தப் பதிவுகள் 'ஸ்டெப் பை ஸ்டெப்' என்ற தொகுப்பாக 1993-ல் வெளிவந்தன. அதைப் பார்க்க ரிடில் உயிரோடு இல்லை.

கேட்க விரும்பும் தோழர்கள் அந்தத் தொகுப்பிலிருந்து தொடங்கலாம். அதற்கு முன் ஒரு சிறிய வேலை. டெக்சாஸின் பார்வையற்ற தெருப்பாடகர் பிளைண்ட் வில்லி ஜான்சன் 1927 டிசம்பரில் பதிவு செய்த, தாயில்லாப் பிள்ளைகளின் பாட்டைக் கேளுங்கள். பிறகு 1929-ல் கார்ட்டர் குடும்பம் பதிவு செய்த 'மதர்லெஸ் சில்ட்ரன்'. இரண்டும் ஒரே பாட்டு. ஒன்று 'ரேஸ்' பட்டியலில் விற்றது, மற்றது 'ஹில்பில்லி' பட்டியலில்.